கடைப் பெண்ணுக்கு ஒரு முக்காலி!

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. மாலை ஏழு மணி.

ஜவுளிக்கடையில் கூட்டம் நெரிகிறது. ஒரு தாயும் மகளும் உட்கார்ந்து சேலை பார்க்கிறார்கள். "அந்த மயில் கழுத்துக் கலரை எடும்மா" என்கிறார் தாய். கடைப் பெண் எடுத்துப் போடுகிறாள். "அதுக்கு மேலே இருக்கிறதை எடு." அதையும் எடுத்துப் போடுகிறாள். நாற்பது சேலை பிரிந்து கிடக்கிறது. ஒன்றும் பிடிக்கவில்லை. தாயும் மகளும் எழுந்து அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

கடைப் பெண் நாற்பது சேலையையும் மடிக்கிறாள். நின்றுகொண்டே மடிக்கிறாள்.

காலையில் கடை திறந்தபோது நின்றவள் அவள். கடை சாத்தும் வரை நிற்க வேண்டும். நடுவில் சாப்பாட்டு நேரத்தில்தான் காலுக்கு ஓய்வு.

இரவு வீட்டுக்குப் போனதும் அவள் முதலில் பார்ப்பது சோற்றுப் பானையை அல்ல. தன் காலைப் பார்க்கிறாள். கணுக்கால் வீங்கி இருக்கிறது. கொலுசு அழுந்திய தடம் பள்ளமாகத் தெரிகிறது. கெண்டைக்காலில் பச்சை நிறத்தில் ஏதோ ஒன்று மண்புழு போல நெளிந்து கிடக்கிறது.

"நரம்பு சுருட்டிக்கிட்டுது" என்கிறாள் பாட்டி. விளக்கெண்ணெயைச் சூடு பண்ணித் தடவி நீவி விடுகிறாள்.

பாட்டி சொன்னது பாதி சரி. சுருட்டிக்கொண்டது உண்மை. ஆனால் சுருட்டிக்கொண்டது நரம்பு அல்ல.

நரம்பு வேறு, சிரை வேறு

தோலுக்குக் கீழே பச்சையாக எது தெரிந்தாலும் அதை நரம்பு என்று சொல்வது தமிழ்நாட்டில் வழக்கம். "நரம்பிலே ஊசி போட்டார்கள்" என்பார்கள். "கை நரம்பு புடைத்துக்கொண்டது" என்பார்கள்.

உண்மையில் நரம்பு என்பது தந்திக் கம்பி மாதிரி. செய்தி கொண்டு போவது அதன் வேலை. விரலில் நெருப்புச் சுட்டால் மூளைக்குத் தந்தி அடிப்பது நரம்பு. பச்சையாகத் தெரிவதோ ரத்தம் ஓடும் குழாய். வைத்தியப் புத்தகங்களில் அதற்குச் சிரை என்று பெயர். நாளம் என்று எழுதுவோரும் உண்டு.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பெயர் மாறினால் வைத்தியமும் மாறிவிடுகிறதே! நரம்புத் தளர்ச்சி என்று எண்ணி, மாதக்கணக்கில் டானிக் வாங்கிக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். டானிக்குக்கும் பழுதான சிரைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இருதயத்தில் இருந்து ரத்தத்தை வெளியே கொண்டு போகும் குழாய் தமனி. உடம்பெல்லாம் சுற்றிய ரத்தத்தை மறுபடி இருதயத்துக்குக் கொண்டு வரும் குழாய் சிரை. போகிற வழி தமனி, திரும்புகிற வழி சிரை. மணிக்கட்டில் நாடி பார்க்கிறார்களே, அது தமனி. அது துடிக்கும். கை காலில் உள்ள சிரைகள் துடிப்பதில்லை.

தமனியின் சுவர் தடிப்பானது. சிரையின் சுவர் மெல்லியது. வேண்டும்போது விரிந்து கொடுக்கும். வளர்ந்த மனிதரின் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எந்த நேரத்திலும் சிரைகளில்தான் இருக்கும்.

சிரையில் ஓடும் ரத்தம் பச்சை நிறமா? இல்லை. ஆஸ்பத்திரியில் சோதனைக்கு ரத்தம் எடுத்துக் கொண்டவர்கள் குழாயில் அதைப் பார்த்திருப்பார்கள். கருஞ்சிவப்பாக இருக்கும். தோலுக்குள் வெளிச்சம் புகுந்து திரும்பும் விதத்தால் கண்ணுக்குப் பச்சையாகவும் நீலமாகவும் தோன்றுகிறது.

தமனியில் ரத்தம் போவது ஆச்சரியம் இல்லை. இருதயம் தள்ளுகிறது, ரத்தம் போகிறது. அது திரும்பி வருவதுதான் ஆச்சரியம்.

பாதத்தில் இருந்து நெஞ்சு வரை சுமார் நாலடி உயரம். தண்ணீர் தானாக மேட்டில் ஏறுமா? மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் வேண்டியிருக்கிறது. இருதயம் தள்ளிய வேகமோ, மயிரிழையை விட மெல்லிய குழாய்களில் ரத்தம் புகுந்து வரும்போதே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. பிறகு ரத்தம் எப்படி மேலே ஏறுகிறது?

கதவைக் கண்டவர்கள்

இத்தாலி நாட்டில் பதுவா என்று ஒரு நகரம். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஃபாப்ரீசியஸ் என்ற வைத்திய ஆசிரியர் இருந்தார். சிரைகளுக்குள் சின்னச் சின்ன மடல்கள் இருப்பதை அவர் மாணவர்களுக்கு அறுத்துக் காட்டினார். 1603-ல் படங்களோடு புத்தகமும் வெளியிட்டார். ஆனால் அந்த மடல்கள் எதற்காக என்பது அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. ரத்தம் ஒரேயடியாகக் காலுக்கு இறங்கிவிடாமல் தடுக்கின்ற அணை என்று அவர் எண்ணினார்.

அவரிடம் படித்த மாணவர்களில் ஒருவர் வில்லியம் ஹார்வி. இங்கிலாந்துக்காரர். 1602-ல் பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். குருநாதர் காட்டிய மடல்களை அவர் மறக்கவில்லை. அவை கதவுகள் என்று கண்டார். அதுவும் இருதயத்தின் பக்கம் மட்டுமே திறக்கும் கதவுகள்! அப்படியானால் சிரையில் ரத்தம் ஒரே திசையில்தான் ஓட முடியும். இருதயத்தில் இருந்து புறப்பட்ட ரத்தமே சுற்றி வந்து இருதயத்தை அடைகிறது. 1628-ல் ஹார்வியின் புத்தகம் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரில் அச்சாயிற்று. அதுவரை ரத்தம் ஈரலில் புதிது புதிதாக உண்டாகி உடம்பில் செலவாகிப் போகிறது என்றே வைத்தியர்கள் நம்பி இருந்தார்கள்.

ஹார்வி காட்டிய வித்தையை யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்து பார்க்கலாம். காசு செலவில்லை.

கையைச் சிறிது நேரம் தொங்க விடுங்கள். முன்கையில் ஒரு சிரை புடைத்து நிற்கும். மணிக்கட்டுப் பக்கம் அந்தச் சிரையை ஒரு விரலால் அழுத்திக் கொள்ளுங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாக நீவுங்கள். சிரை காலியாகித் தட்டையாகிவிடும். நீவிய விரலை எடுத்து விடுங்கள். மேலே உள்ள ரத்தம் கீழே இறங்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். இறங்காது. ஒரு கதவு வரை வந்து நின்றுவிடும். இப்போது மணிக்கட்டுப் பக்கம் அழுத்திய விரலை எடுங்கள். சட்டென்று கீழிருந்து ரத்தம் வந்து நிரம்பும்.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினால் மறக்க மாட்டார்கள்.

காலில் ஒரு மோட்டார்

கதவு இருந்தால் மட்டும் போதுமா? ரத்தத்தை மேலே தள்ள ஆள் வேண்டாமா?

அந்த ஆள் கெண்டைக்காலில் இருக்கிறார்.

நடக்கும்போது கெண்டைச் சதை இறுகும், தளரும். காலின் பெரிய சிரைகள் இந்தச் சதைக்கு நடுவே ஆழத்தில் போகின்றன. சதை இறுகும்போது சிரையைப் பிழிகிறது. ரத்தம் மேலே ஏறுகிறது. ஏறிய ரத்தம் இறங்காமல் கதவு மூடிக்கொள்கிறது. சதை தளரும்போது தோலடியில் உள்ள சிரைகளில் இருந்து ரத்தம் உள்ளே வந்து நிரம்புகிறது. அடுத்த அடி எடுத்து வைத்தால் மறுபடியும் பிழிதல். கெண்டைச் சதையை இரண்டாவது இருதயம் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

பிளட் பிரஷர் பார்க்கிற அதே அளவில் கணுக்கால் சிரையின் அழுத்தத்தையும் அளந்திருக்கிறார்கள். அசையாமல் நிற்கும்போது சுமார் 90 இருக்கிறது. நடக்கத் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு அடி வைத்தால் 30-க்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறது. மறுபடி அசையாமல் நின்றால் சற்று நேரத்தில் பழையபடி 90-க்கு ஏறிவிடுகிறது.

வயலில் நாற்று நடுகிறவளும் நாளெல்லாம் காலில்தான் இருக்கிறாள். ஆனால் அவள் கால் அசைகிறது. தபால்காரர் நாளெல்லாம் காலில்தான் இருக்கிறார். அவர் காலும் அசைகிறது. மூன்றடி இடத்தில், பலகைக்குப் பின்னால், அசைய வழி இல்லாமல் நிற்கும் கால்தான் அதிகம் கெடுகிறது. ஜவுளிக்கடைப் பெண், தோசை மாஸ்டர், முடி வெட்டுகிறவர், நாற்சந்தியில் நிற்கும் போலீஸ்காரர், பனியன் கம்பெனியில் துணி சரி பார்க்கும் பெண் என்று இந்த வரிசை நீளும்.

கதவு பழுதானால்

உள் கணுக்காலில் தொடங்கித் தொடை இடுக்கு வரை தோலடியில் ஒரு சிரை போகிறது. மனித உடம்பிலேயே நீளமான சிரை இதுதான். ஆழத்தில் உள்ள சிரைகளுக்குச் சுற்றிலும் சதை காவல் இருக்கிறது. இதற்கு அந்தக் காவல் இல்லை.

மணிக்கணக்கில், வருஷக்கணக்கில் அழுத்தம் இறங்காமல் இருந்தால் இந்தச் சிரையின் சுவர் விரிந்து கொடுக்கிறது. நிலை விரிந்தால் கதவு பொருந்துமா? இரண்டு மடல்களுக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. ரத்தம் கீழே ஒழுகுகிறது. அடுத்த கதவுக்குச் சுமை கூடுகிறது. அதுவும் பழுதாகிறது. சிரை வீங்குகிறது, நீள்கிறது, இடம் போதாமல் நெளிகிறது. இதைத்தான் டாக்டர்கள் வெரிகோஸ் வெயின் என்கிறார்கள். சுருள் சிரை என்று தமிழில் சொல்லலாம்.

நின்று வேலை செய்கிற எல்லோருக்கும் இது வருவதில்லை. தாய் தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு அதிகம். வயது ஏற ஏற வரும். உடம்பு கனத்தாலும் வரும். ஆனால் நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லி முதலாளிகள் தப்பிக்க முடியாது. டென்மார்க் நாட்டில் தொழிலாளர்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2005-ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். பெரும்பாலும் நின்றோ நடந்தோ வேலை செய்கிறவர்கள் சுருள் சிரைக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது, மற்றவர்களை விட ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு அதிகம் என்று தெரிந்தது.

ஆரம்பத்தில் வலி அதிகம் இராது. சாயங்காலம் ஆனால் கால் கனக்கும். இரவில் குறக்களி இழுக்கும். காலையில் எழுந்தால் வீக்கம் வடிந்திருக்கும். "சரியாகிவிட்டது" என்று மறுபடி வேலைக்குப் போய்விடுவார்கள். சில வருஷங்களில் கணுக்காலுக்கு மேலே தோல் பழுப்பாகும். அரிக்கும். தடித்துப் போகும். அப்புறம் ஒரு நாள் கட்டில் கால் இடித்தோ, கொசுக்கடியைச் சொறிந்தோ ஒரு சிறு காயம் ஏற்படும். அந்தக் காயம் ஆறாது.

இந்தப் புண் சாதாரணமாக உள் கணுக்காலுக்குச் சற்று மேலே வரும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு வரும் புண் பெரும்பாலும் பாதத்திலும் விரலிலும் வரும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. காலில் ஆறாத புண் என்றால் எல்லாமே சர்க்கரைப் புண் என்று நினைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் மருந்து வைத்துக் கட்டுகிறவர்கள் பலர். சிரையைச் சரி செய்யாமல் மேலே மருந்து வைத்தால் புண் ஆறினாலும் திரும்ப வரும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. புடைத்த சிரை சில சமயம் தோலோடு சேர்ந்து உடைந்துவிடும். குளிக்கும்போது நடக்கலாம். ரத்தம் பீச்சி அடிக்கும். பார்ப்பவர்கள் பதறிப்போய், ஆளை நாற்காலியில் உட்கார வைத்து, முழங்காலுக்குக் கீழே கயிற்றால் இறுகக் கட்டுவார்கள். அது தவறு. ரத்தம் மேலே போகும் வழியை அடைத்தால் ஒழுக்கு இன்னும் கூடும். செய்ய வேண்டியது சுலபம். உடனே தரையில் படுக்க வைக்க வேண்டும். காலை நெஞ்சை விட உயரமாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். சுத்தமான துணியை மடித்து, உடைந்த இடத்தில் அழுத்த வேண்டும். ரத்தம் நின்றுவிடும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். இது தெரியாததால் உயிர் போனதும் உண்டு.

நீவி விடலாமா?

தோலடிச் சிரை கெட்டால் தொல்லை. ஆழத்துச் சிரையில் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து.

ஓடும் ரத்தம் உறைவதில்லை. தேங்கும் ரத்தம் உறையப் பார்க்கும். கெண்டைக்காலிலோ தொடையிலோ ஆழத்துச் சிரையில் ரத்தம் உறைந்து கட்டியாகிவிட்டால், கால் வீங்கும். பெரும்பாலும் ஒரு கால்தான் வீங்கும். வலிக்கும். தொட்டால் சூடாக இருக்கும். அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு கிளம்பினால் இருதயத்தின் வழியாகப் போய் நுரையீரலில் அடைத்துக்கொள்ளும். திடீரென்று மூச்சு முட்டும். நெஞ்சு குத்தும். சிலர் இருமலில் ரத்தம் துப்புவார்கள். சிலர் அங்கேயே விழுந்து இறந்துபோவார்கள். காலில் கிளம்பிய கட்டிதான் நுரையீரலை அடைக்கிறது என்பதை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனி டாக்டர் ருடால்ஃப் விர்க்கோ எடுத்துக்காட்டினார்.

பாட்டி எண்ணெய் போட்டு நீவுவது இங்கேதான் விபரீதம் ஆகிறது. ஒரு கால் மட்டும் புதிதாக வீங்கி வலித்தால் அதை நீவக் கூடாது, பிசையக் கூடாது. உறைந்த கட்டி பெயர்ந்துவிடக் கூடும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். ரத்தம் மேலும் உறையாமல் தடுக்க நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஒரு கால் வீங்கினால் யானைக்கால் என்று முடிவு கட்டிக்கொண்டு, வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருந்துவிடுவதும் தவறு.

நிற்பதுதான் கெடுதல், உட்கார்ந்தே இருந்தால் நல்லது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அதற்கு லண்டனில் நடந்தது சாட்சி.

1940-ல் ஜெர்மன் விமானங்கள் லண்டன் மீது இரவு இரவாகக் குண்டு போட்டன. ஜனங்கள் பதுங்கிடங்களுக்கு ஓடினார்கள். படுக்க இடம் இல்லை. கான்வாஸ் துணி கட்டிய மடக்கு நாற்காலிகளில் சாய்ந்தபடி இரவெல்லாம் தூங்கினார்கள். நாற்காலியின் முன் சட்டம் தொடைக்கு அடியில் அழுத்திக்கொண்டே இருந்தது. காலையில் எழுந்து நடந்தவர்களில் சிலர் திடீரென்று விழுந்து இறந்தார்கள். குண்டு பட்டு அல்ல. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலை அடைத்து! பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் கீத் சிம்சன், இத்தகைய சாவுகள் முந்திய ஆண்டை விடப் பல மடங்கு கூடிவிட்டதைக் கண்டு அதே ஆண்டில் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். பதுங்கிடங்களில் படுக்கைகள் வர வேண்டியதன் அவசியத்தை அது எடுத்துக்காட்டியது.

நீண்ட தூரம் பஸ்ஸிலும் விமானத்திலும் காலை மடக்கி உட்கார்ந்து போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எழுந்து நடக்க முடியாவிட்டால், உட்கார்ந்த இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கலாம். கெண்டைச் சதை அசைந்தால் போதும்.

பிள்ளைத்தாய்ச்சிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். வளரும் கர்ப்பப்பை அடிவயிற்றில் உள்ள பெரிய சிரைகளை அழுத்துகிறது. கர்ப்ப காலத்தில் உடம்பில் ஊறும் ஹார்மோன் சிரைகளின் சுவரைத் தளர்த்துகிறது. பல பெண்களுக்கு முதன் முதலில் சுருள் சிரை தோன்றுவது அப்போதுதான். பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் குறைந்துவிடும். ரத்தம் உறையும் அபாயமோ பிரசவம் ஆனவுடன் குறைவதில்லை. அடுத்த ஆறு வாரம் வரை உண்டு. "பச்சை உடம்புக்காரி எழுந்திருக்கக் கூடாது" என்று படுக்க வைத்தே இருப்பது நல்லதல்ல. ஆபரேஷன் ஆன பெண்ணையும் டாக்டர்கள் சீக்கிரமே எழுப்பி நடக்கச் சொல்வது இதற்காகத்தான். அமெரிக்க டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2017-ல் ஆபரேஷன் மூலம் குழந்தை பெற்றார். மறுநாள் மூச்சு முட்டியது. அவருக்கு முன்பே ஒரு முறை நுரையீரலில் ரத்தக் கட்டி வந்திருந்ததால் அவரே விஷயத்தைப் புரிந்துகொண்டு, ஸ்கேன் எடுக்கும்படி வற்புறுத்தினார். நுரையீரலில் கட்டிகள் இருந்தன. பிழைத்தார்.

சிரை நோய் காலுக்கு மட்டும் சொந்தம் அல்ல. மூலமும் ஆசனவாயில் உள்ள சிரைகள் வீங்குவதால் வருவதுதான். மிதமிஞ்சிக் குடித்து ஈரல் சுருங்கியவர்களுக்கு உணவுக்குழாயில் உள்ள சிரைகள் புடைத்து, வெடித்து, வாய் வழியாக ரத்தம் கொட்டும். அதற்கு ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அது தனிக் கதை.

வைத்தியம் உண்டு

சுருள் சிரைக்குப் பெரிய ஆபரேஷன் செய்து சிரையை உருவி எடுப்பதுதான் வழி என்று இருந்த காலம் போய்விட்டது. இப்போது லேசர் கதிராலோ, ரேடியோ அலைச் சூட்டினாலோ, பழுதான சிரையை உள்ளேயே அடைத்து விடுகிறார்கள். சின்னச் சிரைகளை ஊசி மருந்தால் அடைக்கிறார்கள். பெரும்பாலும் அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம். "ஒரு சிரையை அடைத்துவிட்டால் ரத்தம் எப்படிப் போகும்?" என்று பயப்பட வேண்டியதில்லை. ஆழத்துச் சிரைகள் நன்றாக இருந்தால் அவை பார்த்துக்கொள்ளும். அதை ஸ்கேனில் பார்த்த பிறகே செய்வார்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய் அறுவை சிகிச்சைக்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

அந்த நிலைக்குப் போகாமல் இருக்கச் செலவில்லாத வழிகள் பல. வீட்டில் இருக்கும்போது காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கலாம். தினமும் நடக்கலாம். அழுத்தக் காலுறை என்று ஒன்று விற்கிறது. காலையில் படுக்கையை விட்டு எழும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் காலுக்கு வரும் தமனியில் அடைப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாது. டாக்டரைக் கேட்டே வாங்க வேண்டும்.

இவ்வளவும் கடைப் பெண் செய்யக் கூடியவை. அவளால் செய்ய முடியாதது ஒன்று இருக்கிறது. கடையில் உட்கார்வது!

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்தில் 1899-ஆம் ஆண்டிலேயே கடைச் சிப்பந்திகளின் ஆசனத்துக்கு என்று ஒரு சட்டம் வந்தது. மூன்று பெண் சிப்பந்திகளுக்கு ஓர் ஆசனமாவது கடையில் போட வேண்டும் என்றது அது.

நம் பக்கத்தில் முதலில் விழித்துக்கொண்டது கேரளம். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண், கடைகளில் வேலை செய்யும் பெண்களைத் திரட்டிச் சங்கம் அமைத்தார். அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை. கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே நாளைக் கழித்தார்கள். பிறகு கேட்டது உட்கார்வதற்கு அனுமதி. வெகுநாள் போராட்டத்துக்குப் பின் 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது.

தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 6-ந் தேதி தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் சட்டசபையில் மசோதா கொண்டு வந்தார். 1947-ஆம் ஆண்டின் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு புதுப் பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு கடையிலும் சிப்பந்திகள் எல்லோருக்கும் தக்க இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்காரச் சந்தர்ப்பம் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்து கொள்ள வேண்டும், வேலை நேரம் முழுவதும் நின்றே தீரும் நிலை கூடாது என்பது அதன் சாரம்.

இங்கிலாந்துச் சட்டத்துக்கும் தமிழ்நாட்டுச் சட்டத்துக்கும் நடுவே 122 ஆண்டுகள். இருந்தாலும் தமிழ்நாட்டுச் சட்டம் ஒரு படி மேல். ஆண், பெண் என்று பிரிக்காமல், மூன்று பேருக்கு ஒன்று என்று கணக்குப் பார்க்காமல், எல்லோருக்கும் இருக்கை என்கிறது. பாராட்ட வேண்டிய சட்டம்.

ஆனால் சட்டம் முக்காலியைத்தான் போடச் சொல்லும். அதில் உட்கார்ந்த பெண்ணைப் பார்த்து மேஸ்திரி கண்ணை உருட்டினால் சட்டம் என்ன செய்யும்? "வேலை இல்லையா?" என்ற ஒரு கேள்வி போதும், அவள் எழுந்துவிடுவாள். சில கடைகளில் இப்போது காமிராவும் இருக்கிறது. மேஸ்திரி வாய் திறக்க வேண்டிய அவசியம் கூட இல்லை.

முதலாளியை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. பெரியவர்கள் முன் நிற்பது மரியாதை என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்த்த ஊர் இது. அந்த மரியாதையை வாடிக்கைக்காரர்கள் கடையிலும் எதிர்பார்க்கிறார்கள். உள்ளே நுழையும்போது கடைப் பெண் உட்கார்ந்திருந்தால், "இந்தக் கடையில் கவனிப்பே இல்லை" என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. முதலாளி பயப்படுவது இந்த முகச் சுளிப்புக்குத்தான். பாங்கியில் காசு வாங்கிக் கொடுக்கும் குமாஸ்தா உட்கார்ந்தேதான் இருக்கிறார். ரயில்வே டிக்கெட் கொடுப்பவரும் உட்கார்ந்தேதான் கொடுக்கிறார். அதனால் யாருக்கும் மரியாதை குறைந்து போகவில்லை. இருபதாயிரம் ரூபாய்ப் பட்டுச் சேலையை உட்கார்ந்தபடி காட்டினால் மட்டும் என்ன குறைந்துவிடும்?

முதலாளிக்கும் இதில் நஷ்டம் இல்லை. பத்து வருஷம் பழகிய விற்பனைப் பெண், எந்த ஊர்ப் பட்டு, எந்தக் கரை, எந்த விலை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். கால் புண்ணோடு அவள் வேலையை விட்டுப் போனால், அந்த இடத்துக்கு வரும் புதுப் பெண் அதைக் கற்றுக்கொள்ள எத்தனை தீபாவளி ஆகும்!

தொழிலாளர் துறை இன்ஸ்பெக்டர்கள் கடைகளைப் பார்வையிடப் போகிறார்கள். முக்காலி இருக்கிறதா என்று கேட்டு, "இருக்கிறது" என்று எழுதிக்கொண்டு வந்தால் போதாது. வெயில் நேரத்தில், கூட்டம் இல்லாதபோது போனால் பாதி உண்மைதான் தெரியும். தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குப் போக வேண்டும். சேலை வாங்க வந்தவர்கள் மாதிரி போனால் இன்னும் நல்லது. முக்காலியின் மேல் ஆள் இருக்கிறதா, அட்டைப் பெட்டி அடுக்கி இருக்கிறதா என்று அப்போது தெரியும்.

சேலை எடுத்துக் காட்டும்போது எழுந்து நிற்கட்டும். அலமாரிக்கும் பலகைக்கும் நடக்கட்டும். காலுக்கு அதுவும் வேண்டும். ஆனால் அந்தத் தாயும் மகளும் போன பிறகு நாற்பது சேலை பிரிந்து கிடக்கிறதே, அதை மடிக்க நிற்க வேண்டிய அவசியம் இல்லை. உட்கார்ந்தே மடிக்கலாம்.